அங்கீகரிக்கப்பட்ட போதைக்காரி

லோரீன் ராட்லிஃப் ஏழு வருடம் வலி மாத்திரைக்கு அடிமையாகக் கிடந்தவள் என்பது டார்பி ஃபோர்க் ஊரில் தெருநாய்க்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே இடம், கடைத்தெரு முனையில் மூடிக்கிடந்த பழைய வங்கிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, பெரிய பலகை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த மும்மாவட்ட மீட்புத் துணைவர் அங்கீகார வாரியம்.

வாரியம் வருவதற்கு முன்னால், போதையில் கிடப்பவர்களுக்குத் துணையிருக்கும் வேலையை லோரீன் பேர் வைக்காமல் செய்துகொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் கிழடுகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனது. இடுப்புக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்கு வீடு போனது, கார் போனது, பெற்ற மகன் பேசுவதை நிறுத்தினான். புருஷனும் போனான், அது ஒன்றுதான் நல்லதுக்கு. இதையெல்லாம் கடந்து மாத்திரையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது ஐம்பத்தொரு வயதில் காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்டரியைப் பார்த்துக்கொள்கிறாள். மேற்கு வர்ஜீனியா மலையில் குளிர் இறங்கினால் நிலக்கரிச் சுரங்கம் மூடிய ஊரில் போக்கிடம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? துணி உலர்த்தும் மெஷின் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அவர்களைப் பார்த்தாலே லோரீனுக்குத் தெரியும், யார் எதில் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று. ஒரு காப்பியும் ஒரு பெப்பரோனி ரொட்டியும் நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு துணி மடிப்பாள்.

அப்படி உட்காருகிற ஆட்களில் யாராவது ஒருத்தர் திடீரென்று ஒருநாள், "முடியலக்கா. சரி, விட்டுடறேன். எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்பார்கள். அந்தச் 'சரி'க்கு ஆயுசு கம்மி என்பது லோரீனுக்குத் தன் உடம்பிலேயே தெரியும். சிலருக்கு அரை நாள். சிலருக்கு ஒரு காப்பி ஆறுகிற நேரம். அதற்குள் ஆளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மலை இறங்கி மார்லோவில் இருக்கும் சிகிச்சை இல்லத்து வாசலில் சேர்த்துவிட வேண்டும். பதின்மூன்று பேரை அப்படிச் சேர்த்திருக்கிறாள். அதில் ஒன்பது பேர் இன்று வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள், லாண்டரிக்குத் துணி துவைக்க மட்டும் வருகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் பெரிய மனிதர்கள் கூடி ஓர் அபாரமான உண்மையைக் கண்டுபிடித்தார்கள். போதையில் விழுந்து எழுந்தவருக்குத்தான் விழுந்து கிடப்பவரின் கஷ்டம் புரியுமாம்! கண்டுபிடித்தவுடன் சும்மா இருப்பார்களா? வாரியம் அமைத்தார்கள். இனிமேல் வாரியத்தின் அட்டை வைத்திருக்கும் துணைவர் கையெழுத்துப் போட்டால்தான் சிகிச்சை இல்லத்தில் படுக்கை என்று விதி செய்தார்கள்.

மார்லோ இல்லத்தின் சேர்க்கை மேசையில் இருக்கும் நர்ஸ் ஓபல், போனில் லோரீனிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். "அடுத்த தடவ அட்டை இல்லாம வராத லோரீன். உள்ள விட எனக்கு அதிகாரம் இல்ல. உன்னத் திருப்பி அனுப்புற பாவத்த எனக்குக் குடுக்காத."

லோரீனுக்கு அடுத்த ஆள் யார் என்று தெரியும். ஷெல்பி ஹாட்சர், இருபத்தேழு வயது. ஏழாம் நம்பர் உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிடந்தாள். அவள் பெண் குழந்தை மாமியார் வீட்டில். இரண்டு தடவை லாண்டரித் தரையில் மூச்சு நின்று நீலமாகிப் போனவளை மூக்கில் மருந்தடித்து எழுப்பியது லோரீன்தான். எழுந்ததும் ஷெல்பி அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். திட்டட்டும். என்றைக்காவது இவள் 'சரி' சொல்லுவாள், அன்றைக்குக் கையில் அட்டை இல்லாமல் நிற்கக்கூடாது என்று லோரீன் வங்கிக் கட்டடத்துக்குப் படியேறினாள்.

முதல் ஜன்னலில் இருந்த பெண் இனிமையாகச் சிரித்தாள். "வாங்கம்மா. நீங்க போதைக்கு அடிமையா இருந்ததுக்குச் சான்று கொண்டு வந்திருக்கீங்களா?"

"சான்றா? நானே வந்திருக்கேனே."

"நீங்க சொன்னா போதாதும்மா. யாரு வேணும்னாலும் வந்து நான் அடிமையா இருந்தேன்னு சொல்லிக்கலாமில்ல? மாத்திர வாங்கின ரசீது எதாவது?"

"தெருவுல வாங்குனதுக்கு யாரு தாயி ரசீது குடுக்குறாங்க?"

அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டாள். "அப்ப சாட்சி வேணும். நீங்க போதையில இருந்தத நேர்ல பார்த்தவங்களா இருக்கணும். ஆனா அவங்க நன்னடத்தையுள்ளவங்களா இருக்கணும்."

"என்கூட இருந்தவங்கள்ல மூணு பேரு மண்ணுக்குள்ள இருக்காங்க. ஒருத்தன் ஜெயில்ல இருக்கான். எழுதிக் குடுத்த டாக்டரோட லைசென்ஸையே புடுங்கிட்டாங்க."

"ஜெயில்ல இருக்கறவர் நன்னடத்தைல வரமாட்டாரே," என்று அவள் வருத்தப்பட்டாள். "இறந்தவங்க நடத்தை பரவால்லதான், ஆனா கையெழுத்து வேணுமே."

லோரீன் நேராகத் துணை ஷெரிஃப் டெல்மர் வான்ஸிடம் போனாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன். இரண்டு தடவை அவளைக் கைது செய்தவனும் அவன்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏண்டி, நீ கெட்டவளா இருந்தன்னு நான் சிபாரிசு எழுதணுமா?"

"எழுதுடா. நல்லா எழுது. கொஞ்சம்கூடக் குறைக்காத."

டெல்மர் மனசு வைத்து எழுதினான். மருந்துக் கடைப் பின்வாசலில் எப்படிப் பிடித்தான், அவள் பையில் யார் யார் பேருக்கு எழுதின மாத்திரைப் புட்டிகள் இருந்தன, காரில் ஏற்றும்போது அவன் கட்டைவிரலை எப்படிக் கடித்தாள் என்று இரண்டு பக்கம். தழும்பைப் போட்டோ எடுத்தும் ஒட்டினான். முதல் ஜன்னல் பெண் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனாள். "ரொம்பத் தரமான அடிமைத்தனம்மா இது," என்று சொல்லி 'அனுபவம் அங்கீகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி, அதே காகிதத்தை இரண்டாவது ஜன்னலுக்குத் தள்ளினாள். இரண்டாவது ஜன்னல் நடத்தைச் சரிபார்ப்பு. அங்கே இருந்தவன் டெல்மரின் கடிதத்தைப் படித்தான், முகம் சுளித்தான், 'குற்றப் பின்னணி, தகுதியற்றவர்' என்று இன்னொரு முத்திரையைக் குத்தினான்.

லோரீன் அங்கேயே நின்று சத்தம் போட்டாள். சத்தம் கேட்டு வாரிய இயக்குநரே அறையிலிருந்து வந்துவிட்டார். டாக்டர் ப்ரெஸ்டன் விட்காம்ப். இடுப்பு வலிக்குக் காட்டுகிற டாக்டர் இல்லை. நிறுவனங்களை எப்படி நடத்துவது என்று நிறுவனம் எதையும் நடத்தாமலே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினவர். குரலில் வெண்ணெய் வழியும்.

"லோரீன் அவர்களே, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. நாங்கள் அனுபவம் உள்ளவர்களைத்தான் தேடுகிறோம். ஆனால் அந்த அனுபவம் எங்கேயும் பதிவாகியிருக்கக் கூடாது. அடிமையாக இருந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கிற அளவுக்கு எதுவும் நடந்திருக்கக் கூடாது. இதில் என்ன குழப்பம்?"

"அப்படிப்பட்ட ஆளு யாராச்சும் இருக்காங்களா சார்?"

"ஏன் இல்லாமல்? எங்கள் முதல் துணைவர் ட்ரெவரே இருக்கிறாரே."

ட்ரெவர் கையாட்டினான். இருபத்து நாலு வயது, இஸ்திரி கலையாத சட்டை. கல்லூரியில் பரீட்சை நேரத்தில் தூக்கம் வராமலிருக்க டப்பாவில் விற்கிற உற்சாக பானத்தை நாளைக்கு நாலு குடித்துவிட்டு, கோடை விடுமுறையில் அம்மா சொல்லி நிறுத்தியிருக்கிறான். சாட்சி, அம்மா. நன்னடத்தைக்காரி. கோப்பில் ஒரு கறை இல்லை.

ஆனாலும் லோரீனுக்கு விலக்குக் குழு என்று ஒரு கதவு திறந்தது. காரணம் கருணை என்று நினைத்துவிடாதீர்கள். வாரியம் வண்ணத்தில் ஒரு கையேடு அச்சடிக்க வேண்டியிருந்தது; அட்டைப்படத்துக்கு உள்ளூர் முகம் ஒன்று தேவைப்பட்டது; ட்ரெவர் முகம் உள்ளூர் முகமாக இல்லை என்று மேலிடத்தில் குறை சொல்லியிருந்தார்கள். குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் கையில் நேரம் பார்க்கும் கடிகாரம்.

"ஏழு நிமிடத்தில் உங்கள் கதையைச் சொல்லுங்கள். வீழ்ச்சிக்கு இரண்டு நிமிடம். நம்பிக்கைக்கு ஐந்து நிமிடம்."

"ஏழு வருஷம்மா வீழ்ச்சி. ரெண்டு நிமிஷத்துல எப்படிம்மா விழுறது?"

"சுருக்கமாக விழுங்கள்."

லோரீன் சொன்னாள். மகனின் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த சைக்கிளைத் தானே திருடிக்கொண்டு போய் விற்ற இடத்துக்கு வந்தாள். மணி அடித்தது. "நம்பிக்கைக்கு வாருங்கள்," என்றார் அந்த அம்மாள். பக்கத்திலிருந்தவர், "சிரித்துக்கொண்டே வாருங்கள், படம் எடுக்கிறோம்," என்றார். லோரீன் ஷெல்பியை நினைத்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு அருவருப்பான சிரிப்பை அவள் மாத்திரை விற்பவனிடம்கூடச் சிரித்ததில்லை.

பிறகு பயிற்சி. பதினோரு வாரம், தேவாலயத்துக் கீழ்த்தளத்தில். 'செவிகொடுத்தல்' என்ற பாடத்தை நடத்தினவர் நாள் முழுக்கத் தானே பேசினார். கேள்வி கேட்டவர்களை அடக்கினார். தொடக்கூடாது. சொந்த போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது. சொந்தக் காரில் ஏற்றக்கூடாது. 'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு' என்று வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் சொல்லக்கூடாது. செய்முறைத் தேர்வில் ட்ரெவர் போதைக்காரனாக நடித்து அழுதான். லோரீன் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். தேர்வாளர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"என்ன காரியம் செய்தீர்கள்! கைக்குட்டை கொடுத்தால், அழாதே என்று கட்டளையிடுவதாக அர்த்தம். அவர் உணர்ச்சியை நீங்கள் தடுத்துவிட்டீர்கள்."

"சளி ஒழுகுதேய்யா."

"ஒழுகட்டும். அது அவருடைய பயணம்."

இரண்டாவது தடவை செய்துகாட்டித் தேறினாள். பயிற்சியில் இருந்த பதினோரு வாரமும் லாண்டரியில் அவள் நேரம் பாதியாகிவிட்டது. அந்தப் பாதி நேரத்தில் ஒரு நாள், ஏழாம் நம்பர் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமான ரூஃபஸ் என்கிற கூரை போடுகிற ஆள், "அக்கா எங்க?" என்று கேட்டு வந்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, எழுந்து போய், இரண்டு நாள் கழித்து அவனுடைய வண்டியிலேயே செத்துக் கிடந்தான். அன்றைக்கு லோரீன் கீழ்த்தளத்தில் 'உடனிருத்தல்' என்ற பாடத்தில் இருந்தாள்.

அட்டை வந்தது. நீல நாடாவில் தொங்கியது. அவள் முகம் போட்ட கையேடும் வந்தது. அவளை வங்கிக் கட்டடத்தில் ட்ரெவருக்கு அடுத்த மேசையில் உட்கார வைத்தார்கள். போதைக்காரர் யாரும் அங்கே வரவில்லை. வாசலில் கண்ணாடிக் கதவு, பளபளவென்று தரை, பேர் எழுதச் சொல்லும் நோட்டு. மூன்று நாள் குளிக்காதவன் எவன் உள்ளே வருவான்? வாரியத்தின் மாதாந்திர அறிக்கை அதை 'ஊரில் தேவை குறைந்துள்ளது' என்று எழுதியது.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஷெல்பி வந்தாள். தலை நனைந்திருந்தது. கால் இரண்டிலும் வெவ்வேறு ஜோடிச் செருப்பு.

"லோரீனக்கா. லாண்டரில கேட்டேன், இங்கன்னு சொன்னாங்க." பல் அடித்துக்கொண்டது. "சரிக்கா. போலாம். இப்பவே கூட்டிட்டுப் போ. பாப்பா பேரு எனக்கு மறந்துபோச்சுக்கா காலையில. கொஞ்ச நேரம் மறந்தே போச்சு."

லோரீன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். ட்ரெவர் கையை நீட்டி மறித்தான். "அக்கா, முதல்ல பதிவு."

"போற வழியில பண்ணிக்கலாம் தம்பி."

"பதிவு இல்லன்னா கையெழுத்து செல்லாதுக்கா. ரெண்டே நிமிஷம்."

கணினி கேட்டது: இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா? லோரீன் பொய் சொல்லப் பழகிய ஏழு வருடத்தையும் மறந்துவிட்டு, 'ஆம்' என்று தட்டினாள். திரை சிவப்பாயிற்று. விதி பதினான்கு, முன் பரிச்சயத் தடை. துணைவருக்கு ஏற்கெனவே அறிமுகமான எவருக்கும் அந்தத் துணைவர் துணையாக இருக்கக் கூடாது.

"இதென்னடா கூத்து? மொத்த ஊரே ஆயிரத்து எண்ணூறு பேரு. எனக்குத் தெரியாதவன் எவன் இருக்கான் இங்க?"

"அதான்க்கா என்ன வச்சிருக்காங்க. எனக்கு யாரையும் தெரியாது," என்றான் ட்ரெவர் பெருமையாக.

அவன் ஷெல்பியைத் தன் மேசைக்கு எதிரில் உட்கார வைத்தான். மீட்புத் திட்டம் நிரப்பாமல் ஆளை நகர்த்தக் கூடாது. "அடுத்த அஞ்சு வருஷத்துல உங்கள எங்க பாக்குறீங்க?"

ஷெல்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு நிமிஷத்துல வாந்தி எடுப்பேன்னு பாக்குறேன்."

"நல்லது. அத அளக்கக்கூடிய இலக்கா மாத்தி எழுதலாமா?"

லோரீன் குறுக்கே வந்தாள். "தம்பி, அவ காலப் பாரு. கால் வாசலப் பாக்குதுடா. இன்னும் அர மணி நேரத்துல இவ இங்க இருக்கமாட்டா. எனக்குத் தெரியும்."

"அந்தத் தெரியும்தான்க்கா பிரச்சினை," என்றான் அவன், அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. மொத்தம் இருபத்தெட்டுப் பக்கம். பிறகு வாகனக் கோரிக்கை. அதற்கு எழுபத்திரண்டு மணி நேர முன்னறிவிப்பு வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டி இருக்கிறது, அதுவரை மனஉறுதியுடன் இருக்குமாறு ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் லோரீனின் முகம் சிரித்தது.

மணி பதினொன்று. ஷெல்பி, "பாத்ரூம் போயிட்டு வரேன்," என்றாள். குரல் தணிந்து, ரொம்ப மரியாதையாக வந்தது. அந்தக் குரலில் லோரீனே எத்தனையோ தடவை அப்படிச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறாள். அவள் இயக்குநர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

டாக்டர் விட்காம்ப் பொறுமையாகக் கேட்டார். அவர் நல்ல மனிதர் என்று அவருக்கே தெரியும். "லோரீன் அவர்களே, உட்காருங்கள். நாம் எதற்காக இருக்கிறோம்? மக்களுக்காகவா? அப்படி நினைப்பது தவறு. மக்கள் வருவார்கள், போவார்கள். நெறிமுறைதான் நிற்கும். இந்தப் பெண் சனிக்கிழமைக்கு முன் விழுந்துவிட்டாலும், நெறிமுறைப்படி விழுந்தார் என்ற திருப்தி நமக்கு இருக்கும். நீங்கள் விதியை மீறி அவரைக் காப்பாற்றிவிட்டால், நான் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சொல்லுங்கள். காப்பாற்றப்பட்டார் என்று படிவத்தில் கட்டமே கிடையாது."

லோரீன் உட்காரவில்லை. பதினோரு வாரம் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் அந்த வாசற்படியிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். ஷெல்பி குப்பைத் தொட்டி பக்கத்தில் போனில் யாருக்கோ நம்பர் அழுத்திக்கொண்டிருந்தாள். லோரீன் போனைப் பிடுங்கவில்லை. கையைப் பிடித்தாள்.

"வாடி கண்ணு."

"சனிக்கிழமன்னு சொன்னாங்கக்கா."

"அவனுங்க கிடக்கானுங்க. ஏறு வண்டியில."

மலைப் பாதையில் ஷெல்பி மூன்று தடவை வாந்தி எடுத்தாள், இரண்டு தடவை ஓடுகிற காரில் கதவைத் திறக்கப் பார்த்தாள், ஒரு தடவை லோரீனை அறைந்தாள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று லோரீன் பன்னிரண்டு தடவை சொன்னாள். வாரக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது.

மார்லோ போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். நர்ஸ் ஓபல் சேர்க்கை மேசையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"லோரீன், உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. பன்னெண்டு இருபதுக்கு உன் அட்டையச் செல்லாதுன்னு பண்ணிட்டாங்களாம். நான் என்ன செய்யட்டும், சொல்லு?"

ஷெல்பி லோரீன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள். "ஓபல், இவளத் திருப்பிக் கூட்டிட்டுப் போனா, கூட்டிட்டுப் போறது பொணந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஓபல் ஷெல்பியைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு கடிகாரம் பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம் என்று காட்டிக்கொண்டு நின்றது.

"அதுக்கு பேட்டரி போய் ரெண்டு நாளாச்சு. மாத்தச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன், மேலருந்து இன்னும் அனுமதி வரல," என்றாள். "அதுவரைக்கும் இந்த மேசையில அதுதான் நேரம்." பதிவேட்டில் பதினொன்று ஐம்பது என்று எழுதி லோரீனிடம் பேனாவை நீட்டினாள்.

ஷெல்பி உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. லோரீன் காரில் வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். கைக்குட்டை நீட்ட ஆளில்லை.

விசாரணை நடந்தது. குற்றச்சாட்டுகள் ஏழு. முன் பரிச்சயம், தொடுதல், சொந்தக் கார், அனுமதியின்றித் துணையிருந்தது என்று வழக்கமானவை ஆறு. ஏழாவது குற்றச்சாட்டை ட்ரெவர் கண்டுபிடித்தான்: பதினொன்றே காலுக்குக் கிளம்பியவர் பதினொன்று ஐம்பதுக்குச் சேர்ந்திருப்பதால், ஒன்றரை மணி நேர மலைப் பாதையை முப்பத்தைந்து நிமிடத்தில் ஓட்டிய அபாயகரமான வேகம். கடிகாரம் நின்றிருக்கலாம் என்று குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பதிவேட்டில் இருப்பது நடந்ததுதான். டாக்டர் விட்காம்ப் தழுதழுத்தார். "உதவி செய்வதே ஒரு போதை. நம் சகோதரி அதற்கு அடிமையாகிவிட்டார்."

தீர்ப்பு தபாலில் வந்தது. தடிமனான நல்ல காகிதம், மேலே தங்க முத்திரை. லோரீன் அதை லாண்டரியில் நின்று படித்தாள். டெல்மர் துவைக்கப் போட்ட சீருடைக்காகக் காத்திருந்தான்.

"உங்களுக்கு வழங்கப்பட்ட சான்றிதழும், உங்களது அடிமை அனுபவத்துக்கு அளிக்கப்பட்ட அங்கீகாரமும் முன்தேதியிட்டு ரத்து செய்யப்படுகின்றன. எனவே நீங்கள் எக்காலத்திலும் போதைக்கு அடிமையாக இருந்ததில்லை என்று இவ்வாரியம் கருதும்."

டெல்மர் வாங்கி இரண்டாம் தடவை படித்தான். "அப்ப என் கட்டவிரலக் கடிச்சது எவடி?"

லோரீன் சிரிக்கவில்லை. ஏழு வருடம். விற்ற சைக்கிள். மண்ணுக்குள் கிடக்கும் மூன்று பேர். எல்லாம் நடக்கவில்லையாம். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் காகிதத்தைக் கசக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு மார்லோவில் பார்வையாளர் நாள். சேர்க்கைக்குத்தான் அட்டை வேண்டும். பார்க்கப் போக யாரும் போகலாம்.

ஷெல்பிக்கு முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை. மாமியார் முந்தின நாள் பாப்பாவைக் கூட்டி வந்து காட்டிவிட்டுப் போனாளாம். அதைச் சொல்லும்போது கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. லோரீன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஷெல்பி கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி விட்காம்ப் குரலில் அதைப் படித்தாள். பெண்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். "எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கக்கா, என் புருஷன்கிட்டக் காட்டணும்!" என்று ஒருத்தி கத்தினாள்.

சிரிப்பு அடங்கினபோது மூலையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். சின்னக் குரல். "செவ்வாக்கிழம என்னை வெளிய விடறாங்க. எங்க ஊருல எனக்கு யாருமில்ல. உங்க போன் நம்பர் கிடைக்குமாக்கா?"

லோரீன் பையில் காகிதம் தேடினாள். இருந்தது அது ஒன்றுதான். கடிதத்தின் அடியைக் கிழித்து, பின்பக்கம் நம்பர் எழுதிக் கொடுத்தாள். இன்னொருத்தி கை நீட்டினாள். அப்புறம் இன்னொருத்தி. 'எக்காலத்திலும்' ஒருத்தியிடம் போயிற்று, 'அடிமையாக இருந்ததில்லை' வேறொருத்தியிடம் போயிற்று. நல்ல தடிமனான காகிதம், சட்டைப் பையில் கசங்காது.

கிளம்பும்போது கையில் தங்க முத்திரை போட்ட துண்டு மட்டும் மிஞ்சியது. வாசல் மேசையில் ஓபல் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். லோரீன் தாண்டிப் போனபிறகு கூப்பிட்டாள்.

"லோரீன். இன்னும் ஒண்ணு இருக்கா?"

"யாருக்கு?"

ஓபல் நிமிரவில்லை. "எம்பையனுக்கு. இருபத்து மூணு வயசு. நான் இங்க நர்ஸுன்னு பேரு, என்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்குறான். இன்னும் சரின்னு சொல்லல."

லோரீன் முத்திரையைத் திருப்பி மேசையில் வைத்து, நம்பரைப் பெரிதாக எழுதினாள்.

"சொல்லும்போது கூப்பிடச் சொல்லு. எத்தன மணின்னாலும் வண்டிய எடுத்துட்டு வரேன்."